இத்தா வீட்டுக் குதிரை

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் அடிக்கடி கொள்ளு வேகிறது. மருமகளுக்கு உடம்பு இளைக்க வேண்டுமாம். கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிற பிள்ளை, இதற்கு மேல் எங்கே இளைக்கப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கைப்பேசியில் யாரோ ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார், அவ்வளவுதான். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் மகனும் ஒத்து ஊதுகிறான். குக்கர் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை நேராக என் அறைக்கு வந்துவிடும். மழை பெய்த மண்ணையும் பழைய சாக்கையும் சேர்த்து வேகவைத்தது போல ஒரு வாசனை. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வாரம் வாய் தவறி, "இதுல கொஞ்சம் தவிடும் வெல்லமும் போட்டா நல்லாத் திம்பா" என்று சொல்லிவிட்டேன். "யாரு மாமி திம்பா?" என்றாள் மருமகள். "பேகம்" என்றேன். அவள் என்னமோ எங்கள் சொந்தத்தில் ஒரு பேகம் மாமி இருந்திருக்கிறார், அவருக்குத் தவிடு போட்டு வளர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பேகம் என்பது குதிரை என்று விளக்கிச் சொல்வதற்குள் அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கு அவசரம் இல்லையே? அப்படியானால் உங்களிடம் சொல்கிறேன்.

என் முதல் நிக்காஹ் மீமிசலில். என் வீட்டுக்காரர் குதிரை வண்டி ஓட்டினார். கடற்கரையோரம் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் அவர் வண்டிதான். காலையில் மீன்கூடை, மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். அவர்களுடைய பட்டுச் சேலையில் மீன் வாடை அடிக்காமல் இருக்க வைக்கோலுக்கு மேல் ஜமுக்காளம் விரித்து, அதற்கு மேல் அத்தர் தெளித்துக் கூட்டிப் போவார். முதலில் ஒரு கிழட்டுக் குதிரை இருந்தது. அது படுத்துவிட்டதும், "புள்ள, ஒன் மஹர் நகையத் தந்தா ஒரு நல்ல குதிரை வாங்கிரலாம்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மஹர் என்பது நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்கென்று கொடுப்பது. அதில் புருஷனுக்கோ மாமியாருக்கோ பாத்தியம் கிடையாது. கழுத்தில் சும்மா தொங்குவது ரோட்டில் ஓடினால் என்ன என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன். அப்படி வந்தவள்தான் பேகம்.

அவள் அரண்மனைக் குதிரை. அதாவது, விற்றவர் அப்படிச் சொன்னார். புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்த பிறகு அந்தப் பக்கம் விற்ற குதிரை எல்லாமே அரண்மனைக் குதிரைதான். அத்தனை குதிரை கட்ட அரண்மனையில் இடம் இருந்திருக்குமா என்று வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரண்மனையோ சத்திரமோ, நல்ல இளங்குதிரை. அடுத்த வருஷமே அறந்தாங்கியில் ஓர் ஆண்குதிரையோடு சேர்த்து, சினை பிடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சந்தோஷமாக வந்து சொன்னார். தலைச்சன் குட்டி. குதிரைக்குப் பதினோரு மாசம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு மாசத்தில் ஏழு மாசத்தைத்தான் அவர் பார்த்தார். விஷக்காய்ச்சல் வந்து, படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை, நகை கிடையாது, பூ கிடையாது, வாசல் தாண்டக் கூடாது, கட்டிக்கொள்ளத் தகுந்த முறையுள்ள ஆண்கள் கண்ணில் படக் கூடாது. எனக்கு வாப்பா இல்லை. அண்ணன்மார், நானா என்போம், இரண்டு பேரும் கொழும்பில். அந்த வீட்டில் நானும் என் மாமியாரும், கொல்லைக் கோடியில் பேகமும். அவ்வளவுதான் ஜனம். ஜன்னலுக்குத் துணி கட்டினார்கள். கண்ணாடியை எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். எனக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை. தெருவில் வளையல்காரர் போகிற சத்தம் கேட்டால் எந்த வீட்டு முன்னால் நிற்கிறார் என்று காதால் தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பேன். நாள் முழுக்க அதுதான் எனக்கு ஊர் சுற்றல்.

ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதைப் பெற்றெடுக்கும்வரை இத்தா. என் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒருத்தி, "ஒனக்கு மாசக் கணக்கு, குதிரைக்குத்தான் பிரசவக் கணக்கு. ரெண்டு பேரும் சேந்து இத்தா இருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சாவு வீட்டில் சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. பேகத்துக்குக் காலில் கயிறு, எனக்குக் கயிறு இல்லை. வேறு வித்தியாசம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குதிரைதான் எனக்கு எல்லாம் என்று நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. இத்தா முடிந்ததும் நான் எங்கே போவது? கொழும்புக்கா? யார் வீட்டிலாவது மூலையில் ஒண்டிக்கொண்டு சட்டி கழுவவா? பேகமும் வண்டியும் இருந்தால் ஓர் ஆளை வைத்து ஓட்டி நானும் மாமியும் எங்கள் சோற்றை நாங்களே தின்னலாம். குட்டி நல்லபடியாகப் பிறக்க வேண்டும், அதுவரை அவளை யாரும் அவிழ்த்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவிழ்த்துக்கொண்டு போனால் கொல்லை வாசல்வரைதான் நான் பின்னால் ஓட முடியும். அதற்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் ஆண்கள் நடப்பார்கள்.

எங்கள் தெருவில் மோதினார் வீட்டம்மா என்று ஒருவர் இருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவருடைய மனைவி. நல்ல மனசு. ஆனால் கிதாபில் இருக்கிற சட்டமும் தெரியும், இல்லாத சட்டமும் தெரியும். துக்கம் கேட்க வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அவர் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். "வயித்துல ஆம்பளப் புள்ளையா இருந்தா? இத்தா இருக்கிறவ எதுக்க நிக்கலாமா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்து, நான் கொல்லையில் வைக்கோல் பிரியால் பேகத்தின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். அடுப்படிக் கதவில் நின்றவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! இது சினைக் குதிரையில்ல?"

"ஆமா, அதுக்கென்னா?" என்றார் மாமி.

"என்னா நொன்னான்னு கேக்குறீங்க. வயித்துல ஆண்குட்டியா இருந்தா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாமியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மகனை அடக்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. இத்தாவில் ஒரு குறை வந்தால் அங்கே கபுருக்குள் அவன் கேள்விக்கு நிற்பானோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வைக்கோல் பிரியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அன்று சாயந்தரமே மாமியும் மோதினார் வீட்டம்மாவும் சேர்ந்து கொல்லைக்குக் குறுக்கே தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டிவிட்டார்கள். என் உயரத்துக்கும் மேலே. கிணறு என் பக்கம், கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் அந்தப் பக்கம். நான் இறைத்து ஊற்றினால் தட்டிக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குத் தண்ணீர் போகும். கொள்ளுச் சட்டியை மாமி ஒரு கம்பால் தள்ளித் தள்ளி வைப்பார். மாமிக்குக் குதிரை என்றால் பயம். அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பயம்.

இப்போது பயான் செய்கிறவர்கள் மைக்கில் சொல்கிறார்கள், இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை, நாமாகச் சேர்த்துக்கொண்டது என்று. சரிதான் தம்பிகளா, கொஞ்சம் முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

தட்டி கட்டின மறுநாளிலிருந்து பேகம் தண்ணீர் குடிக்கவில்லை. "மூஞ்சியத் தொட்டிக்குள்ள விடுறா, அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறா, குடிக்காம எடுத்துர்றா" என்று மாமி வந்து சொன்னார். லத்தி காய்ந்து கல்லாக விழுகிறது என்றும் சொன்னார். குதிரைக்குத் தண்ணீர் குறைந்து வயிற்றுவலி கண்டால் பிழைக்காது, குட்டியோடு போய்விடும் என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் இருந்தபோது எப்படிக் குடித்தாள் என்று யோசித்தேன். வண்டியை அவிழ்த்ததும் தொட்டிக்குக் கூட்டி வருவார். பக்கத்தில் நின்று சன்னமாகச் சீட்டி அடிப்பார். ஒரு நீளம், ஒரு குட்டை. அதைக் கேட்டால்தான் அவள் குடிப்பாள். குதிரை வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பழக்குவார்கள். அவர் மௌத்தான பிறகு சீட்டி இல்லாமலும் என் கை பட்டதால் ஏதோ கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தாள். இப்போது கையும் இல்லை.

சீட்டி அடித்தால் குடிப்பாள். யார் அடிப்பது? பெண்பிள்ளை சீட்டி அடித்தால் வீடு விளங்காது என்று சொல்கிற ஊர். அதிலும் இத்தாவில் இருக்கிறவள் குரல்கூட வெளியே கேட்கக் கூடாது. ஆனால் சீட்டி குரலா? அதைப் பற்றி மோதினார் வீட்டம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு அடிக்கவும் தெரியாது. உதட்டைக் குவித்தால் காற்றுதான் வந்தது. மாமி காதில் விழாமல் இருக்க ஒரு காலிப் பானைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு பழகினேன். நினைத்துப் பாருங்கள், வெள்ளைச் சேலை கட்டி, தஸ்பீஹ் மணி உருட்ட வேண்டியவள், அடுப்படி மூலையில் பானைக்குள் தலையை விட்டு உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டிருக்கிறேன். எச்சில்தான் தெறித்தது. கன்னம் வலித்தது. மறுநாள் காலையில் திடீரென்று பானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்து என் காதையே அடைத்தது. நானே பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மாமி தூங்குகிற நேரம் தட்டியோரம் போய் நின்றேன். ஒரு நீளம், ஒரு குட்டை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடி அடித்தேன். கொட்டகையில் குளம்புச் சத்தம் கேட்டது. பிறகு தொட்டியில் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். நிறுத்தாமல் குடித்தாள். நான் கீற்றைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அவர் மௌத்தான அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அழுதுகொண்டே சீட்டி அடிக்க முடியாது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் சீட்டி அடித்துவிட்டுத் திரும்பினால் மாமி அடுப்படி வாசலில் நிற்கிறார். கையில் இருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டேன். மாமி ஒன்றும் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா ஊது புள்ள" என்றார்.

ஊதினேன்.

"அவன் ஊதுன மாதிரியே இருக்கு" என்று சொல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் பேகத்துக்காக ஊதினேன். அவர் மகனைக் கேட்டார்.

நாங்கள் மறந்தது ஒன்று. சீட்டிக்குத் தட்டி கிடையாது. சந்தைத் தாண்டித் தெருவுக்கும் கேட்டிருக்கிறது. முதலில், செத்துப்போனவர் தன் குதிரையைத் தேடி வந்து சீட்டி அடிக்கிறார் என்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆவிக்கு யாரும் அபராதம் போட முடியாது. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆவியாவது மண்ணாவது, இத்தா வீட்டுக் கொல்லைக்கு எவனோ ஒருத்தன் வந்து போகிறான் என்று ஆகிவிட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அது என் கதை.

என் கொழுந்தன் காதருக்கு ஜெகதாப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம். அவர் காதுக்கு விஷயம் போய், ஒரு காலையில் வந்து நின்றார். வாசற்படியில் நின்றுகொண்டு தன் உம்மாவோடு பேசினார். பேச்சு அவருக்கு, சத்தம் எனக்கு.

"ஊரே சிரிக்குது உம்மா. சந்துப் பக்கம் எவனோ சீட்டி அடிக்கிறானாம். குதிரையப் பாக்குறேன்னு வாரானாம்."

"எவன்டா வாரான்? நான் வீட்டுலதானே கெடக்கேன்."

"நீங்க மத்தியானமானா தூங்கிருவீங்க. அது ஊருக்கே தெரியும்."

தூங்கவில்லை என்று சொன்னால் சீட்டி அடித்தது யார் என்று சொல்ல வேண்டும், மாமி மாட்டிக்கொண்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் எனக்கும் அதே கதிதான். நான்தான் அடித்தேன் என்று சொன்னால், புருஷன் செத்த வீட்டில் சீட்டி அடிக்கிற பொம்பளை. சொல்லாவிட்டால், வீட்டுக்கு ஆள் வர வைக்கிற பொம்பளை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"குதிரை இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்சு போகாது. ஒரு வண்டிக்காரர் கேட்டுருக்காரு. வெள்ளிக்கெழம ஜும்மா கழிச்சுக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காதர் கெட்டவர் இல்லை. அண்ணன் பெண்டாட்டி மானம் போகக் கூடாது என்றுதான் நினைத்தார். மானத்தைக் காப்பாற்ற வருகிறவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் வாளியோடு நின்றேன். சந்துக் கதவு திறந்தது. வந்தவர் பெயர் கருப்பையா. குரலைக் கேட்டால் கொஞ்சம் வயசானவர் போல இருந்தது. "மடி பெருத்துருச்சே தம்பி, இப்ப இத நடத்தலாமா?" என்றார். "மெதுவாக் கொண்டு போங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார் காதர். கயிறு அவிழ்கிற சத்தம். பேகம் மூக்கைச் சீறினாள். குளம்பு மண்ணில் தேய்ந்து தேய்ந்து கதவுப் பக்கமாகப் போனது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு "யா ரப்பே, யா ரப்பே" என்று முனகிக்கொண்டிருந்தார். கதவைத் தாண்டிவிட்டால் முடிந்தது. நான் உதட்டைக் குவித்தேன்.

பானைக்குள் பழகின சீட்டி இல்லை அது. மூச்சு எல்லாம் சேர்த்து அடித்தது. பேகம் அப்படியே திரும்பினாள். நிறைசினைக் குதிரை திரும்பினால் கயிற்றைப் பிடித்திருக்கிறவர் என்ன ஆவார்? காதர் செருப்பை விட்டுவிட்டுக் கூடவே இழுபட்டு வந்தார். அவள் தொட்டிக்குப் பாய்ந்த வேகத்தில் கயிறு தட்டிக் கம்பில் மாட்டி, கீற்றும் கம்புமாக மொத்தத் தட்டியும் சாய்ந்து விழுந்தது.

தூசு அடங்கியதும் பார்த்தால், நான் வெள்ளைச் சேலையோடு, கையில் வாளியோடு, உதடு குவிந்தபடியே நிற்கிறேன். எதிரே இரண்டு ஆண்கள்.

காதர் 'அல்லாவே' என்று கத்திவிட்டு மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். கருப்பையாவும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அதே மதிலைப் பார்த்துத் திரும்பினார். "ஆத்தா, நான் ஒண்ணும் பாக்கலை, நீங்க உள்ள போங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்கள் மாதிரி இரண்டு பேரும் மதிலை முறைத்துக்கொண்டு நின்றார்கள். பேகம் நடுவில் நின்று தண்ணீர் குடித்தாள்.

ஓடி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு முதுகுகளையும் பார்த்ததும், ஏனோ தெரியவில்லை, எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சீட்டி அடிச்சது நாந்தான். எந்த ஆம்பளையும் இங்கிட்டு வரலை. ஒங்க அண்ணன் இருந்தா அவுக அடிச்சிருப்பாக. அவுக இல்ல, நான் அடிச்சேன். தண்ணி குடிக்காம அது செத்தா நீங்க உசுரு குடுப்பீங்களா?"

"மதினி, மொதல்ல உள்ள போங்க" என்றார் காதர் மதிலிடம்.

"போக மாட்டேன். கயித்த விட்டுட்டு நீங்க போங்க."

அப்போதுதான் மாமி முன்னால் வந்தார். குதிரைக்குப் பயந்து கம்பால் சட்டி தள்ளுகிற மாமி, நேராகப் பேகத்திடம் போய்க் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்தார்.

"காதரு, இது அவ மஹருடா. ஒங்க அண்ணன் சொத்துமில்ல, ஒஞ் சொத்துமில்ல. அவ குடுத்தாத்தான் குதிரை போகும்."

"அப்ப ஊருக்கு என்னா சொல்றது?"

"ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போ."

கருப்பையா திரும்பாமலே, "நமக்கு வேணாம் தம்பி, நான் வாரேன்" என்று சொல்லி, மதிலைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் நடந்து சந்துக்குப் போய்விட்டார். பின்னாலேயே காதரும் அதே மாதிரிப் போனார். ஒற்றைச் செருப்பு ரொம்ப நாள் எங்கள் கொல்லையில் கிடந்தது.

மாமி ஊருக்கு என்ன சொன்னார் தெரியுமா? தெருவில் மோதினார் வீட்டம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, "சீட்டி சீட்டின்னு பேசுறீங்களே, அது நாந்தான் அடிச்சேன். குதிரை தண்ணி குடிக்கலை, அடிச்சேன். கெழவிக்கு என்னா கேடு?" என்று சொல்லிவிட்டார். அவர் நம்பவில்லை. "எங்கே, ஒருக்கா அடிங்க பாப்பம்" என்று கேட்டிருக்கிறார். "பல்லு வலி" என்று மாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் போய்ச் சந்துக் கதவுக்கு உள்பக்கம் பெரிய பூட்டாக ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். காப்பு எனக்கா குதிரைக்கா என்று நான் கேட்கவில்லை.

விழுந்த தட்டியை யாரும் எடுத்துக் கட்டவில்லை. அந்த வாரமே, சுபுஹு பாங்கு சொல்லி வெளுக்கிற நேரத்தில், கொட்டகையில் முனகல் கேட்டது. மாமி தொழுகையில் நின்றார். நான் ஓடினேன். பேகம் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குட்டி வெளியே வந்துவிட்டது. வெள்ளைப் பைக்குள் பொட்டலம் கட்டினது போல வந்தது. தலைச்சன் அல்லவா, இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று, இது என்னடா என்று மிரண்டு ஓரமாக ஒதுங்கினாள். பைக்குள் குட்டி துடித்தது. எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் மூச்சு விட வேண்டும் என்பது தெரியும். நகத்தால் பையைக் கிழித்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். குட்டி தும்மியது. பேகம் கிட்டே வரப் பயந்தாள். மெதுவாகச் சீட்டி அடித்தேன். காதைத் திருப்பினாள். தொட்டிப் பக்கமாக வந்தவள் வழியில் கிடந்த குட்டியை முகர்ந்தாள், பிறகு நக்கத் தொடங்கினாள். நான் இரத்தமும் கசடுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொழுகை முடித்து ஓடி வந்த மாமி குனிந்து பார்த்து, "அடியே, ஆண்குட்டி!" என்றார். சொன்ன வேகத்தில் தலையில் இருந்த தொழுகைத் துப்பட்டியை உருவி வீசினார். என் கண்ணை மூடத்தான் எடுத்திருப்பார். பதற்றத்தில் குட்டிக்கு முக்காடு போட்டுவிட்டார்.

ஆண்குட்டியைப் பார்த்துவிட்டேனே, இத்தாவை முதலிலிருந்து எண்ண வேண்டுமா என்று மாமிக்கு அடுத்த பயம் வந்தது. இன்னொரு நாலு மாசம் அந்த வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தேன். மோதினார் வீட்டம்மா பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்திடம் தம் வீட்டுக்காரரை அனுப்பிக் கேட்டார். அசரத்து என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. மறுநாள் ஒரு படி தவிடும் வெல்லமும் கொண்டுவந்து வைத்து, "பெத்தவளுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இத்தாவைத் திரும்ப எண்ண வேண்டியதில்லை என்று அதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டோம்.

இத்தா முடிந்த அன்று தலைக்கு ஊற்றி, கலர்ச் சேலை கொடுத்து, மாமி வாசல் கதவைத் திறந்துவிட்டார். இந்த நாளுக்காகத்தான் தவம் கிடந்தேன். படியில் இறங்கி நின்றேன். தெரு வெளிச்சமாக இருந்தது. வளையல்காரர் போனார். எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் உலை வைத்தேன். பிறகு வெகுநாள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் யாரிடமாவது கேட்க வேண்டும் போலவே இருந்தது. இப்போதும் சில நாள் அப்படி இருக்கிறது.

வண்டியைக் கருப்பையாதான் பிறகு ஓட்டினார். காலையில் சந்துக் கதவில் நின்று குரல் கொடுப்பார், நான் உள்ளிருந்தே எந்த ஊர், யார் வீட்டுச் சவாரி என்று சொல்லி அனுப்புவேன். நாங்கள் எங்கள் சோற்றைத் தின்றோம். சில வருஷத்தில் ரோட்டுக்குத் தார் வந்தது, தார் வந்ததும் பஸ் வந்தது, வண்டி நின்றது. நானா கொழும்பிலிருந்து வந்து கீரனூரில் எனக்கு இன்னொரு நிக்காஹ் முடித்தார். மாமி மௌத்தாகும்வரை நான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மகனோடு மீமிசல் போனேன். அந்த வீடு இல்லை. கொல்லையும் சந்தும் சேர்த்து இப்போது ஒரே கட்டடம், கீழே செல்போன் கடை. கிணறு எங்கே என்று கேட்டால், கிணறா என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மகன் என் முதல் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டான், "அவரு பாக்க எப்படிம்மா இருப்பாரு?" சொல்லலாம் என்று பார்த்தால் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. பேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நெற்றிச் சுழி எந்தப் பக்கம் சுற்றும், வலது காதின் நுனி எப்படி மடியும், பின்னங்காலில் வெள்ளை எதுவரை ஏறும், எல்லாம் தெரியும். அவரை எங்கள் வீட்டில் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. வெளுக்குமுன் வண்டி பூட்டிப் போவார், விளக்கு வைத்த பிறகு வருவார். அவரை நினைத்துக்கொண்டிரு என்று என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். நான் அத்தனை நாளும் குதிரையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருப்பாருப்பா" என்றேன்.